பற்று

லட்லோவில் ஆற்றுக்கு இறங்கும் தெருவில்
கடைசி வீடு. வடக்குச் சுவர் முழுக்க ஐவிக்கொடி.
சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் எடுப்பார்கள்.
படுக்கை அறையில் ஈரம் என்று
என்னைக் கூப்பிட்டிருந்தார் மேவிஸ் ப்ராசர்.

நான் கொத்தனார். அழகு பார்க்க
எனக்கு யாரும் கூலி தருவதில்லை.
ஏணி சாய்க்க இடம் தேடினேன்.
இலைக்குள் முழங்கை வரை கை போனது,
அதற்கப்புறம்தான் செங்கல்.

முப்பத்தொரு வருடம் சைடர் ஆலையில்
கணக்கு எழுதியவர் அவர்.
வீட்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
எடுத்துவந்து காட்டினார்:
ஐவி, ஒரு தொட்டி, இரண்டு பவுன்.
வீடு வாங்கிய முதல் அக்டோபர்.
சுவரில் ஓர் ஒட்டு இருந்ததாம்,
யாரோ வேறு நிறச் செங்கல் வைத்து அடைத்த இடம்,
நரைத்த சட்டையில் புதுத்துணி தைத்த மாதிரி.
விருந்தாளி வந்தால் கூச்சமாக இருந்ததாம்.

ஒட்டு மறைய நாலு வருடம்.
ஒட்டுக்குக் கீழே விரிசல் நடந்து போனதை
இலைகள் யாருக்கும் சொல்லவில்லை.

பழைய சுவர். சுண்ணாம்புச் சாந்து.
கிள்ளினால் ரொட்டித்தூள் போல உதிர்கிறது.
நல்ல சாந்தை இந்தக் கொடி ஒன்றும் செய்யாது,
மேலே மேலே ஏறிப் போய்விடும்.
நைந்த இடம் கிடைத்தால் மட்டும் உள்ளே வரும்.
வந்தபின் இளைத்து இருக்கத் தெரியாது அதற்கு.
நூலாய் நுழைந்தது
என் கட்டைவிரல் கனத்துக்கு ஆகி
அடுத்தடுத்த இரண்டு செங்கல்லை
முகம் திருப்ப வைத்திருந்தது.
கூரையோடு ஒன்றைத் தூக்கி எட்டிப் பார்த்திருந்தது.
மழைநீர்க் குழாயில் மூன்று கோடையின் சருகு.
பரண் இருட்டுக்குள் வெளுத்த தளிர்கள்,
நிறமே இல்லாமல், பெட்டிகளுக்கு மேலே தடவிக்கொண்டு.
இடம் கொடுத்தால் மடம்.

"பிடுங்கிவிடுங்கள்" என்றார்.
பிடுங்கினால் சுவரும் கூட வரும்.
அடியில் அறுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றேன்.

ரம்பம் எடுத்து வரும்போதுதான் கண்ணில் பட்டது
ஜன்னலுக்கு மேலே ஒரு பாசிப்பந்து.
ரென் குருவி. உள்ளே ஆறு முட்டை.
ஏப்ரல் மாதம். கூடு இருக்கும்வரை தொட்டால் குற்றம்.
ரம்பத்தை வேனில் வைத்தேன்.

அந்தக் கோடை முழுக்க மழை.
கட்டிலை முன்னறைக்கு இழுத்துக்கொண்டார்.
வாரம் ஒருமுறை போன் வரும்:
"நாலு பொரிந்திருக்கிறது."
ஈரம்?
"அதுவும் வளர்கிறது."

ஆகஸ்ட் கடைசியில் அறுத்தேன்.
அடித்தண்டு என் தொடை அளவு.
மூன்று வாரம் கழித்துப் போனால்
உச்சியில் இலைகள் பச்சையாகவே ஆடிக்கொண்டிருக்கின்றன.
சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

நானும் மருமகன் ஆல்வினும் நவம்பரில் கழற்றினோம்,
துண்டு துண்டாக, குழந்தையின் காயத்தில்
பிளாஸ்டர் எடுப்பது போல.
அப்படியும் ஏழு செங்கல் கையோடு வந்தன.
மிச்சச் சுவரில் பற்றுவேர்த் தடம்.
கம்பித் தூரிகைக்கும் மசியவில்லை.
வரிசை வரிசையாய், எறும்புகள் போன பின்பும்
எறும்பு ஊர்கிற மாதிரி.
நடுவில் அந்த ஒட்டு,
முதல் நாள் போலவே வேறு நிறத்தில்.

"இதன்மேல் பூசித் தரட்டுமா?"
"வேண்டாம். தெரியட்டும்.
விரிந்தால் எனக்குத் தெரிய வேண்டும்."

சாரம், சாந்து, ஓடு, குழாய், ஆள்கூலி.
நாலாயிரத்து இருநூறு பவுன்.
நின்றபடியே நோட்டில் ஏற்றினார்,
அதே வலப்பக்கம்,
இரண்டு பவுன் எழுதிய அதே சாய்ந்த கையெழுத்து.
இடப்பக்கத்தில் பேனா கொஞ்சநேரம் நின்றது.
குருவி, நாலு, என்று எழுதி
தொகைக்கு நேரே ஒன்றும் போடாமல்
மூடினார்.